கோட்டை வாசல் மேடம்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைக் கேக்காம எப்படிப் போட்டீங்க தம்பி?" என்று எங்கிருந்தாவது ஒரு போன் வரும். கேட்டால் மட்டும் சம்மதித்துவிடுவாரா? மாட்டார். மேடம் என்றே இருக்கட்டும். எங்கள் பிரவுசிங் சென்டரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த நான், காலத்துக்கேற்ற கோலம் என்று அதன் பாதியை மறித்து நாலு கம்ப்யூட்டர் போட்டேன். இன்டர்நெட் என்றால் என்னவென்று எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் கெட்டிக்காரன், அவ்வளவுதான். ஒரே டெலிபோன் லைன், ஒரே மோடம். அதை நாலு மெஷினுக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருந்தேன். பக்கம் திறப்பதற்குள் ஒருவர் எதிர்க்கடையில் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம்.

மேடம் ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் வேலை பார்த்தார். மைசூரில் பாதிப்பேருக்கு அவர் கை தெரியும், முகம் தெரியாது. கண்ணாடியில் இருக்கும் ஓட்டை வழியே அந்தக் கை வெளியே வரும், எழுதின பாரத்தை வாங்கும், டிக்கெட்டைத் தள்ளும், பேனா மூடியால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டும். அடுத்த ஆள் என்று அர்த்தம். அவர் என் கடைக்கு வருவதற்கு முன்பே நானும் ஒரு தடவை அவரிடம் பட்டிருந்தேன். தங்கைக்கு அவசரமாக ஈரோட்டுக்கு டிக்கெட் வேண்டியிருந்தது. உள்ளே இருப்பது தமிழ் அம்மா என்று தெரிந்ததும் பக்கவாட்டில் போய்த் தலையை நீட்டி, நாமெல்லாம் ஒரே ஊர்க்காரங்கதானே மேடம் என்று இளித்தேன். அவர் நிமிரவில்லை. "நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் அதோ, அங்க நிக்கறாங்க பாருங்க" என்று வரிசையின் வால் பக்கம் கையைக் காட்டினார். வால் வாசலைத் தாண்டி ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் போயிருந்தது. போய் நின்றேன். வேறென்ன செய்ய?

எனக்காவது பரவாயில்லை, அவருடைய சொந்த மைத்துனருக்கே அதுதான் கதி. தசரா சமயம். சென்னைக்குக் குடும்பத்தோடு போகவேண்டும், அண்ணிதானே கவுண்டரில் இருக்கிறாள் என்று மனிதர் வீட்டிலிருந்து மெதுவாகக் கிளம்பி வந்திருக்கிறார். மேடம் அவரையும் வாலுக்கு அனுப்பினார். முறை வந்தபோது வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைத்தது. அதற்கப்புறம் அந்த மைத்துனர் மேடம் குடியிருந்த யாதவகிரி குவார்ட்டர்ஸ் பக்கமே வரவில்லை, கிறிஸ்துமஸுக்குக்கூட. மேடத்தின் கணவர் ரயில்வே பட்டறையில் இருந்தார், சாது. அவர்தான் இதை என்னிடம் சொல்லி, "இவகிட்ட நானே பாரம் எழுதித்தான் குடுக்கணும்" என்று சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

துபாயில் இருந்த தம்பி ஈமெயில் அனுப்புகிறான் என்றுதான் அவர் முதலில் எங்கள் கடைக்கு வந்தார். காலை ஷிப்ட் முடிந்து, மத்தியானம், மொபெட்டில். கைக்குட்டையால் கீபோர்டைத் துடைத்தார். என் கடையில் தூசி இருக்கிறதென்று அதுவரை யாரும் இவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை. தம்பியின் கடிதம் திறக்கிறேன் திறக்கிறேன் என்று முனகிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் முருகேசன் விளையாடிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தார்.

முருகேசன் மருந்துக் கம்பெனி ரெப். தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்துக்காரன். டாக்டர்களைப் பார்க்கவேண்டிய நேரத்தில் தோல் பையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு என் கடையில் உட்கார்ந்து ராட்சசர்களை வெட்டிக்கொண்டிருப்பான். அந்த விளையாட்டில் படம் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஒரு கோட்டை. வடக்கே போ என்று டைப் அடித்தால் ஒரு முற்றம் வந்திருப்பதாகத் திரை சொல்லும். முற்றத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்றும் சொல்லும். அவர்களெல்லாம் நிஜ மனிதர்கள், சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் நம்மைப்போலவே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள். நாம் டைப் அடிப்பதை அவர்கள் படிப்பார்கள். சேர்ந்து சண்டைக்குப் போகலாம், பொன் சேர்க்கலாம். அமெரிக்காவில் யாரோ நாலைந்து பேர் சும்மா ஆசைக்காக அதை நடத்திவந்தார்கள்.

மேடம் திரையையே பார்த்தார். "இது எங்க கவுண்டர் ஸ்க்ரீன் மாதிரியே இருக்கே" என்றார். அன்றைக்குத் தம்பியின் கடிதத்துக்குப் பதில் போகவில்லை.

மறுநாள் 'விண்டோ த்ரீ' என்ற பெயரில் கோட்டைக்குள் போனார். அவர் கவுண்டர் நம்பர் அது. விரல்களைப் பார்க்காமல் மழை மாதிரி அடிப்பார். ஆனால் ராட்சசனை வெட்டுவதில் அவருக்கு ருசி இல்லை. வாசலில் ஒரு வைத்தியன் இருப்பான், காயம் பட்டவர்கள் அவனிடம் போய்க் குணமாக வேண்டும். எல்லோரும் முண்டியடிப்பார்கள். மேடம் அங்கே போய் நின்றுகொண்டு, யார் முதலில் வந்தது, உங்கள் பின்னால் யார் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள். அப்புறம் கேட்டார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ரயில்வே சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்கிற வேலையை இந்த அம்மா என்னிடம் காசு கொடுத்துச் செய்கிறாளே!

போதாததற்கு அவருடைய கவுண்டர் பாஷையும் கூடவே வந்தது. சரி என்பதற்கு சி.என்.எஃப்., பொறு என்பதற்கு டபிள்யூ.எல்., செத்துப்போனால் கேன்சல். முருகேசனுக்கும், இரண்டு இன்ஜினியரிங் மாணவர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ராட்சசன் தலையைச் சீவியதும் முருகேசன் கேன்சல் என்று அடித்துவிட்டுத் தொடையைத் தட்டுவான்.

இந்த இடத்தில்தான் முருகேசனின் வாய் எங்களுக்கு வினையானது. கோபம் வந்தால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்க் கெட்டவார்த்தை அடிப்பது அவன் வழக்கம். எவனுக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். ஒருநாள் தன் பொன்னை எடுத்துக்கொண்ட சிங்கப்பூர் ஆட்டக்காரி ஒருத்தியை அப்படித் திட்டினான். பரம்பரையையே இழுத்தான். அவளும் தமிழ்ப்பெண். வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்து நடத்துபவர்களுக்குப் புகார் அனுப்பிவிட்டாள்.

அவர்கள் விசாரித்தார்கள். மைசூரில் ஒரே இன்டர்நெட் முகவரியிலிருந்து நாலு பெயர்கள். நாலு பேரும் உலகத்தில் வேறு யாரும் பேசாத ஒரே விசித்திர பாஷையில் பேசுகிறார்கள். முடிந்தது! ஒரே ஆள் நாலு வேஷம் போட்டு ஏமாற்றுகிறான் என்று தீர்ப்பு எழுதி, எங்கள் முகவரியையே கோட்டைக்கு வெளியே தள்ளி வாசலைச் சாத்திவிட்டார்கள்.

விட்டது சனி என்று நான் நினைத்தேன். மேடம் நினைக்கவில்லை. நடத்துபவர்களில் மூத்தவர் ஒருவருக்கு, பெரியவர் என்றே நாங்கள் சொல்வோம், கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். மறுபடியும் எழுதினார். தப்பு செய்தவனுக்குத் தண்டனை கொடுங்கள், செய்யாதவர்களை ஏன் வெளியே நிற்க வைக்கிறீர்கள் என்ற ஒன்றைத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டார். கடைசியில் அந்த மனிதர் சலித்துப்போய், நாலு பேரும் ஒரே சமயத்தில் உள்ளே வந்து பேசிக்காட்டுங்கள் என்று ஒரு சாயங்காலம் நேரம் கொடுத்தார். அங்கே அப்போது விடிந்திருக்கும்.

நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பெரியவர் வணக்கம் சொன்னார். உடனே கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். என்று ஒன்று வைத்திருந்தேன், அது கீச்சென்று கத்துவதற்கு மட்டும்தான் உதவும். நாலு பேரும் ஒரே நொடியில் கோட்டையிலிருந்து மறைந்தார்கள். ஒரே ஆள்தான் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? முருகேசன் தலையில் கைவைத்துக்கொண்டான். மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டு, "ஆய்து, சரி, நாளைக்குப் பாப்போம்" என்று மொபெட்டை உதைத்தார்.

மறுபடியும் எழுதி மறுபடியும் நேரம் வாங்கினார். இந்தத் தடவை பெரியவர் புத்திசாலித்தனமாக, மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று நாலு பேரையும் ஒன்றாகக் கேட்டார். முருகேசன் ராகி முத்தை என்கிற களியும் கீரைச் சாறும் என்றான். ஒரு மாணவன் ஹாஸ்டல் சித்ரான்னத்தைத் திட்டி ஒரு பத்தி எழுதினான். இன்னொரு மாணவனுக்குப் பரீட்சை, வரவில்லை. அவன் இடத்தில் கணக்குக்கு நான் உட்கார்ந்திருந்தேன். அதையும் மேடம் மறைக்கவிடவில்லை, கடைக்காரன் என்று சொல்லித்தான் உட்கார வைத்தார். நான் ஒன்றும் சாப்பிடவில்லை, மோடம் ரிப்பேர் என்று அடித்தேன். மேடம் தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும், கவுண்டரிலேயே, அவசரமாக, என்றார். அமெரிக்காவில் பெரியவர் சிரித்தாராம். ஒரே வயிறு இத்தனையும் செய்யாது என்று ஒத்துக்கொண்டு வாசலைத் திறந்தார். முருகேசனுக்கு மட்டும் நீண்ட தடை. அவன் ஆசையாகச் சேர்த்திருந்த வாளையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

போதும் என்று எழுந்திருக்கலாம் அல்லவா? மேடம் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டார். எங்களுக்கு மத்தியானமாக இருக்கும்போது வாசலில் யார் காவல்? யாருமில்லை, நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம் என்றார் அவர். அப்படியென்றால் அந்த நேரத்துக்கு என்னைப் போடுங்கள் என்றார் மேடம்.

மாடரேட்டர் என்று அந்த வேலைக்குப் பெயர். சண்டையை விலக்கவேண்டும், புகார் கேட்கவேண்டும், கெட்டவார்த்தை பேசுகிறவனை வெளியேற்றவேண்டும். ஒரு பைசா கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். பெரியவர் தயங்கினார். நேற்றுவரை தடையில் இருந்த முகவரி, எப்படிக் கொடுப்பது? பார்க்கலாம், பொறுங்கள் என்றார். மேடம் டபிள்யூ.எல். என்று அடித்துவிட்டு, நிஜமாகவே பொறுத்தார். ஆனால் மாதத்துக்கொரு தரம் ஞாபகப்படுத்துவார். மழைக்காலம் போய்த் தசராவும் போயிற்று.

நான் ஒருநாள் கேட்டேவிட்டேன். காலையிலிருந்து ஜனங்களைக் கட்டி மேய்த்துவிட்டு, மத்தியானம் ஓசியில் இன்னொரு கூட்டத்தை மேய்க்க ஏன் இந்தத் தவம்? அவர் கோபிக்கவில்லை. "அங்க யாரோ போட்ட ரூல், தம்பி. சம்பளத்துக்குப் பாக்கறேன். இங்க யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. நானா ஒத்துக்கிட்டு ஒரு ரூலைக் காப்பாத்திப் பாக்கணும்னு ஆசை" என்றார். கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்தும் இருந்தது.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் பெரியவரிடமிருந்து பதில் வந்தது. அந்த மனிதர் எங்கள் பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டார். சி.என்.எஃப். என்று மட்டும் இருந்தது. மேடம் திரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. கலங்கவில்லை, தூசி என்றார். என் கடைத் தூசிக்கு முதல்முதலாக ஒரு மரியாதை.

அவர் காவல் இருந்த மத்தியானங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரையும் எடுத்தவுடன் வெளியே தள்ளமாட்டார். உங்கள் பக்கம் என்ன என்று கேட்பார், எதிராளியையும் கேட்பார், அப்புறம் விதியை எடுத்து வைப்பார். ஆஸ்திரேலியாக்காரன் ஒருவன் அவரைக் கண்டபடி ஏசினான். கடைசிவரை சார் போட்டே பேசி, சார் போட்டே வெளியேற்றினார். தண்டனை முடிந்து அவன் திரும்பியபோது பழசை ஒரு வார்த்தை எடுக்கவில்லை. முருகேசனும் தடை முடிந்து திரும்பினான். அந்தச் சிங்கப்பூர்ப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டான். மேடம் கேட்க வைத்தார் என்று சொல்லவேண்டும். வாள் மட்டும் வரவில்லை. "அதுக்கு ரூல் இல்ல முருகேசா" என்றுவிட்டார்.

அப்புறம் அந்த மத்தியானம். மாடரேட்டர்களுக்கென்று ஒரு விதி உண்டு. நாற்காலியைவிட்டு எழுந்தால் உள்ளிருந்து வெளியேறிவிட்டுத்தான் எழவேண்டும். அந்தப் பெயரில் எதையும் செய்யலாம் என்பதால் அவ்வளவு கண்டிப்பு. என் கடை வாசலில் இரண்டு பேருக்குள் யார் முதலில் வந்தது என்று தகராறு. ஒருவன் மற்றவன் சட்டையைப் பிடித்துவிட்டான். நான் கத்திக்கொண்டிருந்தேன். மேடத்தால் சும்மா இருக்க முடியுமா? எழுந்து வந்துவிட்டார். வெளியேறாமல்.

இரண்டு பேரையும் சமாதானம் செய்து ஒருவனை உட்கார வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். எப்போதும்போலத் திரையின் கடைசி வரிகளை முதலில் படித்தார். அவர் பெயரில், அவர் அடிக்காத ஒரு வரி இருந்தது. முருகேசனுக்கு அவன் வாள் திரும்பக் கிடைத்திருந்தது.

பக்கத்து நாற்காலியில் முருகேசன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவர் கேட்பதற்கு முன்னாலேயே ஒத்துக்கொண்டான். "தெரியாத்தனமாப் பண்ணிப்போட்டேனுங்க அக்கா. வாளை எடுத்துருங்க. என்னைய வெளிய போடுங்க. அதோட போகட்டுமுங்க" என்றான்.

அவர் வாளை எடுத்தார். அவன் பெயரைத் தடையில் போட்டார். பிறகு, நடந்ததையெல்லாம் நடத்துபவர்களுக்கு ஒரு கடிதமாக அடிக்க ஆரம்பித்தார். நான் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனது நான், விதிப்படி எனக்கும் தடை உண்டு, அதை நானே போட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். இதைப் பார்த்தால் அவர்கள் மேடத்தின் பதவியைப் பறிப்பார்கள், கடை முகவரியையும் மறுபடி சாத்திவிடுவார்கள். இத்தனை மாதம் வாங்க அலைந்ததை ஒரே கடிதத்தில் தானே தூக்கிக் கொடுக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வாளைத்தான் திரும்ப எடுத்தாயிற்று, எவனுக்கு என்ன நஷ்டம் என்று கத்தினேன். என் கடை, என் பிழைப்பு என்றும் கத்தினேன். அவர் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கெஞ்சினேன்.

"அங்க எல்லாரும் தூங்கறாங்க மேடம். யாருக்குமே தெரியாது."

அவர் விரல்கள் நின்றன. என்னைத் திரும்பிப் பார்த்தார். கவுண்டரில் அத்தனை வருஷம் நிமிராத அந்த முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்தேன்.

"நான் முழிச்சிட்டுத்தானே தம்பி இருக்கேன்?"

கடிதத்தை அனுப்பினார். பிறகு கோட்டை வாசலில் எல்லோருக்கும் தெரியும்படி காரணத்தை எழுதிவிட்டு, தன் பெயரையே தடையில் போட்டுக்கொண்டார். திரை அவரை வெளியே அனுப்பிவிட்டு, போய் வாருங்கள் என்றது. முருகேசன் அழுதான். "உன்னுது உனக்கு, என்னுது எனக்கு. அழாதே" என்று அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

பெரியவர் பதவியை எடுத்துக்கொண்டார். கடையை மட்டும் சாத்தவில்லை. தடை இருந்த நாளெல்லாம் மேடம் இந்தப் பக்கமே வரவில்லை. தம்பிக்கு ஈமெயில் அனுப்பக்கூட வேறு எங்கோ போனார் போலிருக்கிறது. மத்தியானங்களில் கடை எனக்கு வெறிச்சென்று இருந்தது. கோபமும் ஆறவில்லை.

தடை முடிந்த அன்று மொபெட் வந்து நின்றது. கைக்குட்டை, கீபோர்டு, எல்லாம் பழையபடி. மாடரேட்டர் வேலைக்கு முதலிலிருந்து மறுபடி எழுதினார். ஒரு தடவை பிடுங்கினவர்கள் திரும்பக் கொடுப்பார்களா என்று நான் குத்தலாகக் கேட்டேன். "குடுக்கறது அவங்க இஷ்டம். கேக்க வேண்டாம்னு எந்த ரூலும் இல்லையே" என்றார். முன் அனுபவம் உண்டா என்று கேட்டிருந்த இடத்தில், உண்டு, ஒரு தவறுக்காக நீக்கப்பட்டேன் என்று அடித்து, என்ன தவறு என்பதையும் எழுதினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முதல் தடவையைவிட அதிக நாள் இழுத்தார்கள். ஆனால் கொடுத்தார்கள். அவர் மறுபடி காவலுக்கு உட்கார்ந்த முதல் மத்தியானம் எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, வாங்க மேடம், எதிர்க்கடையில் நல்ல காபி வாங்கித் தருகிறேன் என்று கூப்பிட்டேன்.

"இங்கேயே கொண்டு வந்துடுங்க தம்பி. நான் எழுந்திருக்க மாட்டேன்" என்றார்.